என் மனைவியின் முழங்கை உயரம்

ஆறு வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பாவான பிறகும், என் மனைவி கதிரையில் இருந்தால் அவளுடைய முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாமலிருந்தது. இதெல்லாம் ஒரு புருஷன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விசயமா என்று நீங்கள் கேட்கலாம். மற்றப் புருஷன்மாருக்குத் தேவையில்லை. மனைவிக்கென்று ஒரு மேசையை வரைந்து, செய்வித்து, ஊரைக் கூப்பிட்டுக் காட்டிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது எண்பத்தொன்றிலோ எண்பத்திரண்டிலோ, கல்முனையில், என் மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே வீடு அவளுடையது, வளவு அவளுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் மாமி. எனக்குச் சொந்தமென்று அங்கே ஒரு சைக்கிளும் படம் வரைகிற பலகையும்தான் இருந்தன. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவன். மதகு, வாய்க்கால், சின்னச் சின்னப் பாலம் எல்லாம் வரைவேன். சாகாமம் பக்கம் யாரோடாவது போனால், நான் வரைந்த ஒரு மதகை, கூட வந்தவர் கொட்டாவி விடும்வரை விளக்குவேன். உலகத்தில் எதையும் மேலிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம், நடுவில் வெட்டி ஒரு படம் என்று வரைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அந்தக் காலத்தில் என் நம்பிக்கை.

மனைவி ஒரு அரசாங்கக் கந்தோரில் தற்காலிகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவளை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் வேகப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த பரீட்சைக்கு வயது கடந்துவிடும், வேலையும் போய்விடும். அவள் வேலையில் அவளுக்கு எவ்வளவு ஆசையென்று எனக்குத் தெரியும். காலையில் குடையை எடுத்துக்கொண்டு அவள் படலையைத் திறந்து போகிற போக்கே வேறு. அதனால் பழைய டைப் மெசின் ஒன்றை இரவல் வாங்கிவந்து கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழகினாள். இரண்டு கிழமையில் கழுத்து நோகுது என்றாள். பிறகு மணிக்கட்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் சவூதியில் வேலை செய்யும் அவளுடைய நானா, மூத்த அண்ணன், ஒரு பார்சல் அனுப்பினார். சவர்க்காரக் கட்டி உடையாமலிருக்கச் சுற்றிவைத்திருந்த தாள்களோடு, கந்தோர்த் தளபாடக் கட்டலொக் ஒன்றும் கிடந்தது. அதில் ஒரு படம். ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் ஒரு மேசை, மேசையில் டெலிவிசன் மாதிரி ஒன்று. கம்பியூட்டர் மேசையாம். கல்முனையில் அன்றைக்குக் கம்பியூட்டரைக் கண்ட ஆள் கிடையாது. கீழே எழுதியிருந்த இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆள் மேசைக்குப் பொருந்தக் கூடாது, மேசைதான் ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்று விளங்கிற்று. எவ்வளவு பெரிய உண்மை. மனைவிக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நாலாவது தடவை அவள் கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

அன்றே வரையத் தொடங்கினேன். மதகுக்குக்கூட நான் அவ்வளவு தாள் செலவழித்ததில்லை. டைப் மெசினுக்கு ஒரு தட்டு, எழுத்துப் பிரதியைக் கண் மட்டத்தில் பிடிக்க ஒரு சட்டம், லாம்பு கொழுவ ஒரு கை, கால் வைக்க ஒரு கட்டை, இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கிற லாச்சி. முதுகுக்குச் சாய்மானத்தோடு கதிரை. அந்தக் கதிரை அங்குமிங்கும் நகர்ந்து கணக்கைக் கெடுக்கக் கூடாதென்று, இரும்புக் குழாயால் மேசையோடு சேர்த்தே பூட்டினேன். நாளைக்குக் கம்பியூட்டர் வந்தால் வைக்க, மேலே ஒரு பெட்டியும் விட்டேன். அதுதான் தூரநோக்கு.

படத்தைச் சுருட்டிக்கொண்டு சாய்ந்தமருதில் ஒரு ஓடாவியாரிடம் போனேன். கதவு, கட்டில், அலுமாரி எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் அவர்தான். என் வயதுக்காரர், காதில் பென்சில், வாயில் வெற்றிலை. தாளை விரித்து, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து கேட்டார்:

“எல்லாம் சரி சேர். இதில இரிக்கிற ஆள் ஆரு?”

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. மனைவிக்கு என்று சொன்னால் அடுத்த கேள்வி அளவு. ஓடாவியார் வந்து அவளுடைய முழங்காலையும் முழங்கையையும் அளக்க ஏலுமா? எங்கள் ஊரில் அது நடக்காத காரியம். சரி, நானாவது அளந்து வரலாமே? பட்டப்பகலில் வீட்டில் நாடாவைப் பிடித்துக்கொண்டு பெண்சாதியின் காலடியில் குந்தியிருக்க, வேலிக்கு மேலால் மாமி எட்டிப் பார்த்தால் என் கதி என்ன? நினைக்கவே காது சுட்டது. ஆகவே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“எனக்குத்தான்.”

ஓடாவியார் என்னை ஒரு மர வாங்கில் இருக்கவைத்து, அடியிலிருந்து முழங்கால், வாங்கிலிருந்து முழங்கை என்று ஆசையாக அளந்தார். நான் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. என் மனைவி செருப்போடு நின்றால் ஐந்தடி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை. பெண்கள் கொஞ்சம் சின்னதாக இருப்பார்கள், ஆகவே எல்லாவற்றிலும் ஒரு அங்குலம் குறையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கென்று சொல்லிவிட்டு அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன்.

மேசை வந்தது. மாட்டு வண்டியில் வந்தது. கதவு நிலையால் போகாமல், கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனோம். மனைவி பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அவளுக்கென்று ஒருவர் ஒரு சாமானை வரைந்து செய்தது அதுதான் முதல் தடவை. ஏறி இருந்தாள். ஏறி என்றுதான் சொல்ல வேண்டும். காற்பெருவிரல் கட்டையில் தொட்டும் தொடாமலும் நிற்க, தோள் இரண்டும் காதுப் பக்கம் உயர, கைகளை நீட்டி மெசினை எட்டினாள். பஸ்ஸில் யன்னல் பக்கம் இருத்திவைத்த பிள்ளை மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்டேன். நல்லாரிக்கி என்றாள். பழகினால் இன்னும் சரியாகிவிடும் என்று நான் ஆறுதலும் சொன்னேன். மேசைதான் ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்று மூன்று தடவை வாசித்துக் காட்டியவன் சொன்ன ஆறுதல் அது.

அடுத்த ஒரு மாதம் எனக்குப் பெருநாள். நிந்தவூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் தேத்தண்ணிக்கு முன்னமே மேசைதான். லாச்சியை இழுத்துக் காட்டுவேன், கம்பியூட்டர் பெட்டியைத் தட்டிக் காட்டுவேன். அந்தப் பெட்டியில் எங்கள் கருத்தக் கோழி ஏறி அடைபடுத்துவிட்டது. அளவெடுக்காமலே அதற்குக் கச்சிதமாகப் பொருந்திற்று. மனைவி வந்தவர்களுக்கு முன்னால் ஏறியிருந்து நாலு வரி அடித்துக் காட்டுவாள். அடித்து முடிந்ததும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அடக்கமென்று நினைத்தேன்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும். ஒரு சனிக்கிழமை நிந்தவூரில் கலியாணம் ஒன்றுக்குப் புறப்பட்டுப் போனவன், பஸ்ஸடியில் செருப்பு அறுந்து திரும்பி வந்தேன். படலையடியில் வரும்போதே டைப் சத்தம் கேட்டது. சத்தம் நல்ல வேகம். ஆனால் மேசை கிடந்த முன்னறையிலிருந்து வரவில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு தலையணையைச் சாய்த்துவைத்து, முதுகை அதில் பதித்து, சின்ன மரக் குத்தி ஒன்றில் என் மனைவி இருக்கிறாள். முன்னால் வெறும் தேயிலைப் பெட்டி, அதில் மெசின். பாதம் இரண்டும் தரையில் அழுந்தியிருந்தன. முழங்கை விலாவோடு ஒட்டி, கை நேராக நீண்டிருந்தது. எழுத்துப் பிரதியைச் சுவரில், சரியாகக் கண் மட்டத்தில், சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். யன்னல் வெளிச்சம் இடது பக்கத்தால் விழுந்தது. கட்டலொக்கில் இருந்த அந்தப் பெண்ணேதான். இங்கே கம்பியூட்டர் இல்லை, பக்கத்து அடுப்பில் சோறு கொதித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் கண்டதும் கை நின்றது. களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி எழும்பினாள்.

“அங்கால கொஞ்சம் வெக்கை மச்சான்,” என்றாள். “மேசை நல்ல மேசை. வெக்கைதான்.”

எங்கள் ஊரில் வெக்கைக்குப் பயந்து குசினிக்குள் ஓடிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அப்போதுதான் வலது மணிக்கட்டில் எண்ணெய்ச் சீலை சுற்றியிருந்ததைப் பார்த்தேன். கையைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் விறைக்குதாம், காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாதாம். மேசை வந்த நாலாம் நாளிலிருந்து அப்படி. நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் மெசினைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, நான் வருவதற்கு முன் திரும்பத் தூக்கிப்போய் மேசையில் வைத்திருக்கிறாள். அந்த மெசின் ஒரு சின்ன ஆட்டின் பாரம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆசையாகச் செய்தீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

அறுந்த செருப்போடு சாய்ந்தமருதுக்குச் சைக்கிள் மிதித்தேன். ஓடாவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னுடைய படத்தை எடுத்து விரித்தார்.

“நான் அண்டைக்கே பாத்த சேர். லாச்சி இரிக்கி, லாம்பு இரிக்கி, வராத கம்பியூட்டருக்கும் இடம் இரிக்கி. அஞ்சு தாளிலயும் ஒரு மனிசர் இல்ல.”

பிறகு உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு பந்து நூலோடு அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பிள்ளைகளோடு வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை, ஊகிக்கக் கஷ்டமுமில்லை. கால்மணி நேரத்தில் வெளியே வந்து நூலை என்னிடம் தந்தார். அதில் நாலு முடிச்சு. நிலத்திலிருந்து முழங்கால் மடிப்புக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கை எட்டும் தூரத்துக்கு ஒன்று. ஐந்து தாளில் நான் வரையாததை அந்தப் பெண் ஒரு நூலில் முடிந்துவிட்டார். நூல் என் கையில் தொங்க, முதல் முடிச்சு என் முழங்காலுக்கு எவ்வளவு கீழே நிற்கிறதென்று பார்த்துவிட்டு, “சேர் வேற ஆருக்கோ மேசை செஞ்சிரிக்கார்,” என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் ஓடாவியார் வாளோடு வந்தார். இரும்புக் குழாயைக் கழற்றி, கதிரையையும் மேசையையும் பிரித்தார். கதிரைக் காலில் நாலு அங்குலம் போனது, மேசைக் காலில் ஐந்து. நான்தான் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாள் போகப்போக என் தலைக்கனத்தையும் சேர்த்து அறுக்கிற மாதிரி இருந்தது, ஆனால் நோகவில்லை. கம்பியூட்டர் பெட்டியையும் கழற்றச் சொன்னேன். கோழி குஞ்சு பொரிக்கட்டும், பாவம் என்றாள் மனைவி. அதை மட்டும் விட்டுவைத்தோம்.

முதல் ஒரு கிழமை அவளை மெசினைத் தொடவிடவில்லை. சமையல் நான். அந்தக் கிழமை பிள்ளைகள் மாமி வீட்டில்தான் சாப்பிட்டார்கள். வீக்கம் வற்றியது. மிச்ச இரண்டு கிழமை அறுத்த மேசையில் பழகினாள்.

பரீட்சை அம்பாறையில். நான் வெளியே ஒரு மரத்தடியில் நின்று, உள்ளே கேட்ட சத்தத்தில் அவளுடையது எதுவென்று பிரித்தறியப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். அங்கேயும் மேசை உயரமாம். தோள் காதுக்கு ஏறப் போகிறது என்று தெரிந்ததும், எழும்பி நின்று, இந்த உயரத்தில் எனக்கு அடிக்க ஏலாது, கதிரையில் வைக்க இரண்டு தடித்த இடாப்புப் புத்தகமும் கால் வைக்க ஒரு பலகையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அத்தனை பேருக்கு முன்னால். பரீட்சைக்கு வந்த அதிகாரி ஒரு நிமிசம் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னாராம். என்னிடம் ஒரு மாதமாகச் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அவள் சொல்லிவிட்டாள். சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் நான் யன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தேறிவிட்டாள், நிரந்தரம். இன்றைக்கும் அதே கந்தோரில்தான் வேலை. அன்பாக ஒன்றைச் செய்வது லேசு, யாருக்குச் செய்கிறோமோ அவரை முதலில் திரும்பிப் பார்ப்பதுதான் பாடு என்று இப்போது எனக்குத் தெரியும். கந்தோரில் எதை வரைந்தாலும் முதலில் தாளின் ஓரத்தில் ஒரு ஆளை வரைந்துகொண்டுதான் தொடங்குகிறேன்.

அன்றைக்கு இந்தப் புத்தி இன்னும் முழுதாக வரவில்லை. கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்துவிட்டு, எப்படியும் ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டுமென்று, அளவெடுக்க வெட்கப்பட்டதைத் தவிர நான் வேறு பிழை ஒன்றும் செய்யவில்லைதானே என்று அவளிடம் கேட்டேன். அவள் கடிதத்தை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வெக்கப்பட்ட ஆள் நீங்க மச்சான். நொந்தது என்ட கை.”