பெல்ட்டைத் தோளில் போட்டுப் போனவர்

புது ஆயில் என்ஜினைக் கிளப்புவதைவிடக் கொடுமை ஒன்று உண்டென்றால், அதை வாங்கினவனைச் சும்மா உட்கார வைப்பதுதான். உத்தமபாளையம் வட்டாரத்தில் இதைச் சுருளியாண்டியைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. அல்லிநகரத்துப் பருத்தி ஆலையில் எண்ணெய் விடுகிறவராகச் சேர்ந்து, ஃபிட்டராகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு முப்பத்தேழு வாக்கில் கிணறு கிணறாகப் போய் என்ஜின் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புது என்ஜினை முதல் மூன்று நாள் வெறுமனே ஓட்ட வேண்டும். உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் உரசி உரசிப் பழகினால்தான் பிறகு பாரம் தாங்கும். தொண்டைத்தண்ணீர் வற்ற இதைச் சொல்லிவிட்டு வருவார். "சரிங்கண்ணே" என்பார்கள். அவர் தலை மறைந்ததும் என்ஜினுக்கும் பம்புக்குமாகப் பெல்ட்டை மாட்டித் தண்ணீர் இறைப்பார்கள், என்ஜின் இறுகிப்போகும். "சுருளியாண்டி போட்ட என்ஜினா? விளங்குனாப்லதான்" என்ற பேர் மட்டும் அவருக்கு. இரண்டு கிணற்றில் இப்படிப் பட்ட பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த மூன்று நாளும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

தங்கச்சி மலையம்மாள் வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. அவள் புருஷன் சங்கிலி கமலை இழுத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த மாட்டை விற்றுத்தான் என்ஜின் வாங்கியிருந்தான். மாடு போய் என்ஜின் வந்து சேர்வதற்குள் வெற்றிலைக் கொடிக்கால் ஈரமில்லாமல் துவள ஆரம்பித்துவிட்டது. அந்தக் கொடிக்கால்தான் அவர்களுக்குச் சோறு.

முதல் நாளே வம்பு. என்ஜின் தலையிலுள்ள இரும்புக் குண்டை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சிய பிறகுதான் சக்கரத்தைத் தள்ள வேண்டும். சங்கிலிக்கோ ராகுகாலம் பிறப்பதற்குள் கிளம்பியாக வேண்டும். அவன் அவசரப்படுத்த, காயாத குண்டோடு தள்ளிய சக்கரம் உதைத்து, சுருளியாண்டி வரப்பில் போய் விழுந்தார். அடுத்த தடவை கிளம்பியது. ஆனால் பின்பக்கமாகச் சுற்றியது. நிறுத்தி, மறுபடி காய்ச்சி, ஒழுங்காக ஓட வைப்பதற்குள் ராகுகாலம் பாதி கழிந்திருந்தது. சங்கிலி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் ஊரே கேட்க என்ஜின் ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "என்ன சங்கிலி, தண்ணிக்குப் பதிலா சத்தத்தப் பாய்ச்சுறியாக்கும்?" என்று வழியில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"மச்சான், சும்மா ஓடுறதுக்கா மாட்ட வித்தேன்? பெல்ட்டக் குடுங்க," என்றான் சங்கிலி.

"மாப்ள, நாளைக்கு ஒரு நாள் பொறு. எளங்கன்ன எடுத்த எடுப்புல பாரத்துல பூட்டுவியா?"

"நாங்க பொறுப்போம்ணே. கொடி பொறுக்கணுமே," என்றாள் மலையம்மாள்.

கேட்கிறவள் கூடப் பிறந்தவள். ஆனால் இன்றைக்கு இளகினால் என்ஜினும் போகும், அதை நம்பியிருக்கும் கொடியும் போகும். சுருளியாண்டி பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வந்தபோது வாய்க்கால் நனைந்து கிடந்தது. சும்மா கிடந்த கமலைச் சாலில் தண்ணீர் கொட்டும் தோல் வாலை வார்வாராக அறுத்துத் தைத்துப் பெல்ட்டாக்கி, விடிந்ததும் மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். கிளப்புவதைத்தான் இரண்டு நாளாகப் பார்த்தாயிற்றே! முக்கால் மணி நேரம் தண்ணீர் கொட்டியதாம். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். சுருளியாண்டி சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

"ஒரு நாளுடா! ஒத்த நாளு பொறுக்க மாட்டாம மோசம் பண்ணிட்டியே!" என்று ஊதுவிளக்கைத் தூக்கி எறிந்தார். சங்கிலி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அவுகள ஏன் வையுற? தோல அறுத்துத் தச்சது நாந்தேன்," என்றாள் மலையம்மாள். முழங்கால்வரை சேறு. "பிள்ள தண்ணிக்குத் தவிக்கையில நாளைக்குத் தாரேன்னு எவளாச்சும் சொல்லுவாளாண்ணே?"

சுருளியாண்டி என்ஜினைப் பிரிக்க உட்கார்ந்தார்.

பிஸ்டனைத் தட்டிக் கழற்றி, கீறலைத் தேய்த்துச் சரியாக்கி, மறுபடி கிளப்ப ஆறு நாள் ஆனது. தண்ணீர் எட்டாத பாதிக் கொடிக்கால் அதற்குள் கருகிப்போனது. அந்த முக்கால் மணி நேரத் தண்ணீரில் நனைந்த பாதி எப்படியோ தாக்குப்பிடித்துத் துளிர்த்தது.

பிற்பாடு யாராவது, "தங்கச்சி கொடிக்காலக் காப்பாத்துனது நீங்கதானாமே?" என்று கேட்டுவிட்டால் சுருளியாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பாதிதான்யா தப்புச்சு. அதுவும் எம்பேச்சக் கேக்காத பாதி."