ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த இராக்கம்மாவுக்கு இரத்தம் என்றாலே குமட்டும். அப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டாயிரத்து ஏழில் இடது காலின் அடைபட்ட இரத்தக்குழாய்க்குள் கம்பிவலை வைத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். "இதை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் வலை அடைச்சுப்போடும், பிறகு கால் மிஞ்சாது" என்றார் பதுளை டொக்டர் பத்மநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர். ஆனால் மழைக்கால மலையில் அட்டை கடித்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

நடந்தது கண்றாவி. சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போனாலும் அட்டை ஏறத்தான் செய்தது. மற்றப் பெண்கள் பிய்த்தெறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இவளுக்கோ கடிவாய் மூடவேயில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு பிசுபிசுத்து ஈ மொய்த்தது. மணிக்கட்டில் வழிந்தது கொழுந்திலும் சொட்டியது.

நிறுக்கிற இடத்தில் அழகர் கங்காணி மூக்கைச் சுளித்தான். "சீ! இதை யாரு குடிக்கிறது? கொட்டிட்டுப் போ." கூடைக் கொழுந்து குப்பைக்குப் போனது, அவளுக்கு அரைநாள் பேர்தான் விழுந்தது, கூலியும் பாதிதான். வெற்றிலையைக் குதப்பித் தேயிலைத் தூரிலேயே துப்புகிறவன் அவன்! அவனுக்கு இவள் இரத்தம் அருவருப்பாம்.

கோபம் அவன்மேல் வந்திருக்க வேண்டும். பாவி மகளுக்குத் தன் உடம்பின்மேல் வந்தது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போகிற நாளில் மாத்திரை இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். வீட்டிலிருக்கும்போது எவ்வளவு ஒழுகினாலும் யார் பார்க்கப்போகிறார்கள்? சில வாரங்களில் கடிவாய்கள் சட்டென்று மூடத் தொடங்கின. அப்பாடா என்றிருந்தது. கங்காணியும் முழுப்பேர் போட்டான்.

ஐப்பசியில் ஒரு காலை இடது பாதம் ஜில்லிட்டுக் கிடந்தது. குளிர்தானே என்று மலையேறினாள். மறுநாள் விரல்கள் கறுத்து, வலி உயிரை வாங்கியது. பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மாத்திரையை ஏன் நிப்பாட்டினீங்கள்?" பத்மநாதனின் குரல் உயர்ந்தது.

"அட்டை கடிச்சா ரத்தம் நிக்கலைங்க டொக்டரையா. அசிங்கமா இருந்துச்சுங்க."

"துணியாலை அமத்திப் பிடிச்சிருந்தால் நிண்டிருக்கும். என்னட்டை ஒருக்கா வந்து சொல்லியிருக்கலாமே!" அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

அவள் தோட்டத்துக்குத் திரும்பியபின் அழகர் கங்காணி பிஸ்கட் பெட்டியோடு அவளுடைய லயத்து வீட்டுக்கு வந்தான். கட்டுப்போட்ட தொடையைப் பார்த்ததும் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இராக்கம்மா சேலையை நன்றாக விலக்கினாள்.

"திரும்பிப் பாருங்க கங்காணி. இப்ப ரத்தம் வரலை."