மூடிக்குள் போன களிம்பு

மாத்தளையில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு, ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர் வருவார். வெடித்த கைகளுக்கு டாக்டர் எழுதிய களிம்பு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. டாக்டரிடம் போனில் பேசி, அதே மருந்தை விலை குறைந்த கம்பெனியில் மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வந்தார். கை அப்படியே வெடித்திருந்தது. கொண்டுவந்திருந்த களிம்பு டியூப்பும் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

"நீங்க பேசி வாங்கித் தந்தது தம்பி, வீணாக்கலாமா? ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போறப்ப மட்டுந்தான் தடவுறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மருந்து என்ன சென்ட்டா? டாக்டர் சொன்ன மாதிரி தெனமும் தடவுங்க. தீர்ந்தா இதே விலைக்கு இன்னொன்னு தர்றேன்" என்று டியூப்பை வாங்கி அவர் உள்ளங்கையில் பிதுக்கினேன்.

நிதானமாகத் தேய்த்துக்கொண்டார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரலிடுக்கில் மிஞ்சியதை வழித்து மூடிக்குள் பத்திரப்படுத்தினார்.