குடை எடுக்கவா என்று கேட்ட மெஷின்

என் உத்தியோகத்தில் நான் செய்த மிகப் பெரிய பிழை எட்டே எழுத்து: poweroff.

மாத்தளை டவுனில், மழையளவு கணிக்கும் ஒரு சிறிய திட்டத்தின் ஒபிஸில் சர்வர்களைப் பார்ப்பது என் வேலை. இருந்தவை இரண்டு. ஒன்று என் மேசைக்குக் கீழே. மற்றது ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில், ஒரு தகரக்கூரை அறைக்குள். மழை அளவு மீறினால், சரிவில் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற தோட்டத்து ஆட்களின் போன்களுக்கு எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். அனுப்புவது அந்த மலை மெஷின்தான். இரண்டையும் ஒரே மேசையிலிருந்து கட்டளை அடித்தே நடத்துவேன். இரண்டுக்கும் அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. எந்தத் திரை எந்த மெஷின் என்று வரியின் தொடக்கத்தில் பெயர் இருக்கும். நான் அதை வாசிக்கவில்லை.

ஒரு பின்னேரம் மேசைக்குக் கீழே இருந்த மெஷினுக்கு ஃபேன் மாற்ற வேண்டியிருந்தது. poweroff அடித்தேன். இணைப்பு அறுந்தது என்று திரையில் வந்தது. காலடியிலோ மெஷின் சாவகாசமாக இரைந்துகொண்டிருந்தது. அணைந்தது மலை மெஷின். மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பழைய மெஷினைத் தூரத்திலிருந்து அணைக்கலாம், எழுப்ப முடியாது. யாராவது போய்ப் பட்டனை அமத்த வேண்டும். அந்த யாராவது பவானி. மலை அறைக்குப் பொறுப்பானவள். அறைக்குக் கீழே, அதே லயத்தில்தான் வீடு. நடக்க முடியாத அம்மாவும் அவளோடு இருந்தார்.

"பவானி, மலை மெஷின நான் ஓஃப் பண்ணிட்டேன். இப்ப மேல போக ஏலுமா?"

"பனி மூடி ஒண்ணுமே தெரியலக்கா. பரவால்ல, இருங்க, கொடைய எடுத்துக்கிறேன்."

நாற்பது நிமிஷம். அதற்குள் மண் இறங்கியிருந்தால் அவள் அம்மாவுக்குக்கூட எச்சரிக்கை போயிருக்காது. எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினேன். போன் அடித்தது.

"அமத்திட்டேங்க்கா. இப்ப பாருங்க."

பார்த்தேன். மெஷின் எழும்பி, விட்டுப்போன மழைக் கணக்கை வாங்கி, எச்சரிக்கையை அனுப்பியது. லயத்து ஆட்கள் பாதுகாப்புக்காகப் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். பவானியின் அம்மாவைக் கதிரையோடு தூக்கிப்போனார்களாம். அன்று மண் சரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ஒபிஸ் பெரியவர் எங்கள் இருவரையும் போனில் வைத்து விசாரித்தார். "நாப்பது நிமிஷம் டேட்டா இல்லையே, ஏன்?"

"கரண்டு போச்சுங்க சார்" என்றாள் பவானி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"இல்ல சார், நான்தான் ஓஃப் பண்ணினேன்" என்றேன். நல்லவள் என்பதால் இல்லை. யார் எதை அடித்தார்கள் என்று மெஷின் எழுதிவைக்கும் லொக்கில் என் பெயர் நேரத்தோடு பதிந்திருந்தது. வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த கிழமை பவானி, நான் போனில் சொல்லிக் கொடுத்திருந்த அரைகுறை ஸ்கிரிப்ட் அறிவை வைத்து ஒரு வேலை பார்த்தாள். மலை மெஷினில் poweroff அடித்தால் உடனே அணையாது. ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி வரும்: "அக்கா, இது மலை மெஷின். நான் குடை எடுக்கவா?" y கொடுத்தால் அணையும், n கொடுத்தால் விட்டுவிடும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு, மனசு சரியில்லாத நாட்களில் சும்மாவே poweroff அடித்து, கேள்வியை வாசித்து, n கொடுப்பேன். இளையவர்கள் இதைச் செய்யக்கூடாது.

தன் அம்மா காலமான பிறகு பவானி குவைத்துக்குப் போனாள். கொஞ்ச காலம் வொய்ஸ் மெசேஜ் வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. புது நம்பரை நான் தேடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேலை, வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை, எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது. மலை மெஷினை நிரந்தரமாக அணைப்பதுதான் என் கடைசி வேலை. நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் hostname அடித்து, எந்த மெஷினில் இருக்கிறேன் என்று பார்த்தேன். மலைதான். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

poweroff.

"அக்கா, இது மலை மெஷின். நான் குடை எடுக்கவா?"

அந்த ஸ்கிரிப்டைக் காப்பி எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போடலாமா என்று யோசித்தேன். அங்கே அது பொய்யாகிவிடும். வீடு மலை இல்லை. அங்கே ஏறிவரப் பவானியும் இல்லை. அவளைக் காணாமல் எனக்கு அவ்வளவு தேடியது.

என்னிடம் வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: அணைப்பதற்கு முன் hostname அடித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மலையில் யாராவது நனைய வேண்டிவரும்.

y அடித்தேன். இணைப்பு அறுந்தது. பிறகு நாற்பது நிமிஷம் போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.