மாலை போட்டிருந்த மாதத்தில் கேட்ட கேள்வி

என் கையெழுத்து மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தெரியாது. போதாததற்குக் காலையில் கை நடுங்கும். பிழை பொறுத்து வாசிக்க வேண்டும்.

நான் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவன். பழம் பறித்த பிறகு பழைய கொடிகளைக் கத்தரித்துவிடும் வேலை. சரியான மொட்டை மிச்சம் வைத்து வெட்டினால்தான் அடுத்த காய்ப்பு. குடித்தால் கண் தவறுகிறது, குடிக்காவிட்டால் கை தவறுகிறது என்ற நிலைக்கு நான் வந்து சில வருடங்கள் ஆகின்றன.

போன வருடம் ஆடியில், குடியையும் மனக்கஷ்டத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று சிலர் ஊருக்கு வந்தார்கள். எங்கோ தூர தேசத்தில் ஒரு வைத்தியம் செய்து பார்த்திருக்கிறார்களாம். வாராவாரம் ஆளை உட்காரவைத்துப் பேசிப் பேசியே குடியை விடவைப்பது. அதை எங்கள் ஊருக்குத் தோதாக மாற்ற வேண்டும், அதற்கு எங்கள் பேச்சு வேண்டும் என்றார்கள். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் கடைசியில் தூணோரம் உட்கார்ந்திருந்தேன்.

"மனசு சரியில்லன்னா என்ன செய்வீக?" என்று ஒரு பெண் கேட்டாள். பெரியகுளம் பக்கத்துப் பெண்.

"கடைக்குப் போவோம்!" என்றான் ஒருவன்.

"கடை மூடியிருந்தா?"

"அப்பத்தான் தாயி மனசு ரொம்பச் சரியில்லாம இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையாக யாரோ திட்டாமல் கேட்கிறார்களே என்றுதான் இருந்தது. இவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

வைத்தியத்துக்கு ஆள் எடுக்க அந்தப் பெண் வீடுவீடாக வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. நான் கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். வருடா வருடம் போடுவேன். மாலையைக் கழற்றும் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன். எங்கள் ஊரில் மாலை போட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கட்டிய மனைவிக்கும் அவன் சாமிதான். சாமியைப் பற்றிக் குறை சொன்னால் சொன்ன வாய்க்கு ஆகாது.

"சாமி, போன ஒரு மாசத்துல எத்தன நாளு குடிச்சிருப்பீக?"

"குடிக்கல தாயி."

"ஒரு நாளுகூட?"

"சாமி குடிக்குமா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீக அக்கா. மாலைக்கு முந்தி எப்பிடின்னு..."

"நல்லாக் கேட்டீக போங்க! மால கெடக்குற கழுத்து. அதையெல்லாம் இப்ப வீட்டுக்குள்ள பேசலாமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாலையோடு அந்தப் பேச்சுக்கு நாக்கு வரவில்லை. தூக்கம் வருகிறதா என்றாள். வருகிறது என்றேன். மனசு பாரமாக இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். எல்லாம் மெய். இந்த வருடம் மாலையைக் கழற்றினாலும் குடிக்கமாட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அப்படித்தான் நம்புவேன். மனைவி அவளுக்குக் கட்டன்காப்பி கொடுத்துச் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். போன ஒரு மாதத்தில் குடித்தவர்களைத்தான் சேர்ப்பார்களாம். என் பேர் எடுபடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் என்னோடு சேர்ந்து குடிக்கிறவன்தான். அந்த வருடம் அவன் வீட்டில் சாவு விழுந்து மாலை போடக் கூடாமல் போயிற்று. அதனால் குடித்துக்கொண்டே இருந்தான். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தை பிறந்து மலையிலிருந்து திரும்பி வந்து மாலையைக் கழற்றினேன். கோயிலை விட்டு வெளியே வந்தால் கூட்டாளிகள் நிற்கிறார்கள்.

"என்ன மாப்ள, சாமி மலையேறிருச்சா?"

"ஏலே, பேச்சக் கொறைங்கலே. அவனே தொண்ட காஞ்சு போயி வந்திருக்கான்."

நானும் சிரித்துக்கொண்டே அவர்களோடு போனேன். இருட்டுவதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்களாம்.

மாசியில் கத்தரி வழுக்கி, விட வேண்டிய கொடிகளையெல்லாம் வெட்டிவிட்டேன். தோட்டத்து முதலாளி கோபப்படவில்லை. "நீ வீட்டுக்குப் போப்பா. கொடி பாவம்" என்றார். மறுநாள் மனைவி என்னைக் கையைப் பிடித்து டவுன்பஸ்ஸில் ஏற்றிக் கம்பத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

"ஆள் எடுத்து முடிஞ்சுபோச்சு அக்கா. நடுவுல சேத்தா ஆராய்ச்சி கெட்டுப்போகும்னு மேல உள்ளவுக சொல்லுறாக" என்றாள் அந்தப் பெண்.

"நாங்க பொய் சொல்லலயே தாயி."

"நீங்க பொய் சொல்லல அக்கா."

"அப்ப இன்னொரு வாட்டி கேளுங்க. இங்கன வச்சே கேளுங்க. நான் சொல்லுறேன்."

யாரும் கேட்காமலே என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். அடி வாங்கியது, அண்டா விற்றது, பாயை நான் நனைத்தது, ஒருநாள் அரளிக்காயை அரைத்துவைத்துவிட்டுக் கொட்டியது. அது எனக்கே அன்றுதான் தெரியும். அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு, கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு தடவை போனேன். மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் தடவை தனியாகப் போனபோது கை நடுக்கம் தாங்கவில்லை. பாதி வழியில் சின்னமனூரில் இறங்கிக் கடைக்குப் போய்விட்டேன்.

இந்த வருடம் ஆடிக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் வேலை முடிந்து அறையைக் காலி செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் அடியோடு விட்டுவிடவில்லை. ஆனாலும் காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போகிறான். என் மனைவி சுருளிப்பட்டியில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அன்னைக்கி நான் உள்ளதச் சொல்லியிருந்தா உங்களச் சேத்திருப்பாக. நாந்தான் கெடுத்தேன்" என்றாள். உன் மேல் தப்பில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே நின்றேன்.

நேற்று விடியற்காலையில் குளித்துவிட்டு மாலை போடக் கோயிலுக்குப் போனேன். வருடா வருடம் எங்களுக்கு மாலை போட்டுவிடும் குருசாமி என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

"எப்பக் குடிச்ச?"

"ராத்திரி."

"மூணு நாளு சுத்தமா இருந்துட்டு வாப்பா. நான் போட்டுவிடுறேன்."

கடுமையாகச் சொல்லவில்லை. மூன்று நாள்தான் கேட்டார். முந்தின வருடங்களில் மாலையை நினைத்தாலே அத்தனை நாள் இருந்துவிடுவேன். நேற்று மத்தியானமே என்னால் முடியவில்லை. வருடத்தில் நான் மனுசனாக இருந்தது மாலை போட்ட அந்த நாட்களில்தான். அதுவும் இனி இல்லை. இன்று யாராவது வந்து போன ஒரு மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டால், எல்லா நாளும் என்று சொல்லிவிடுவேன். தெருவில் சரணம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கார்த்திகை இரண்டு, செவ்வாய்க்கிழமை.