ஊற்றாத ஆயில்

டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகைக்கென்று ஒரு வாசனை உண்டு. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து கருகி, தொண்டையில் லேசாக இனிக்கிற அந்த வாசனை, வண்டி தெருவைத் தாண்டிப் போய் ஐந்து நிமிடமான பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டுவிட்டு, வயிறெரிந்துகொண்டு நிற்பேன். அந்த வண்டி என்னுடையதில்லை, ஆரோவுடையது.

ஆரோக்கியம் என்பது முழுப்பெயர். செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சின்ன வயதிலேயே அவன் அப்பா இறந்துவிட்டார், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து வளர்த்தார். ஆகவே பத்தொன்பது வயதுவரை அவன்மேல் பொறாமைப்பட எனக்குக் காரணமே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகத்தைக் கெடுத்தவர் அவனுடைய தாய்மாமன். துபாய்க்குப் போகும்போது தன் கறுப்பு மோட்டார் சைக்கிளை ஆரோவிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பையன்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் கூடி, திருக்கழுக்குன்றம் வழியாக "மாபலிபுரம்" போவார்கள். சைலன்சருக்குள் இருக்கும் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் சத்தம் மூன்று மடங்காகும்; பிடுங்காதவன் ஆம்பிளையே இல்லை என்று பேச்சு. கடற்கரைக்குப் போனதும் வண்டிகளை வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துத் தலைவாரிக்கொள்வதுதான் வேலை, கடலை யாரும் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. வண்டி இல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் "பின் சீட்டு" என்று பெயர். ஓட்டுகிறவன் தோளைப் பிடிக்கக் கூடாது, வண்டி நின்றால் தள்ள வேண்டும், மணல் ஒட்டினால் துடைக்க வேண்டும். ஒரு முறை வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி ஆரோவையும் வண்டியையும் படமெடுக்க ஆசைப்பட்டு, சிரித்தபடியே கையை அசைத்து என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். தள்ளி நின்றேன்.

எங்கள் வீட்டிலும் வண்டி இருந்தது. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிறவர். அவருடைய சாம்பல் நிற ஸ்கூட்டரை இடப்பக்கம் தரையைத் தொடுமளவுக்குச் சாய்த்து, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, நிமிர்த்தி, ஏழெட்டு உதை உதைத்தால்தான் அது உயிர் பெறும். தினமும் காலையில் தெருவே பார்க்க நைனா இதைச் செய்யும்போது நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். அதையும் என்னிடம் தர மாட்டார். தெருமுனைவரை ஓட்டலாம், அதற்கு மேல் கேட்டால் "மொதல்ல கை பழகட்டும்" என்பார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது சனிக்கிழமை சாயங்காலங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், ஆரோ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் பிளக்கைக் கழற்றி உப்புக் காகிதத்தால் தேய்ப்பார்கள், கார்புரேட்டரை ஊதுவார்கள், எதற்கோ சிரிப்பார்கள். நைனாவின் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன். "இவன் காதுக்கு வண்டி பேசுதுடா. ஒனக்கு வெறும் சத்தந்தான் கேக்குது" என்று ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரோ ஓடிவந்தான். அவன் வேலை பார்த்த லேத்துப் பட்டறையில் அவசர வேலை, சாயங்காலம் வரமுடியாது. வண்டிச் சாவியையும் ஒரு பாட்டிலையும் என் கையில் வைத்தான். "டேங்க்கு காலி மச்சான், ரிசர்வுல ஓடிகினு கீது. பெட்ரோல் போட்டுகினு வந்து வூட்டாண்ட நிறுத்திடு. ஆயில மறந்துடாத" என்றான். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து கலக்க வேண்டும். கலக்காவிட்டால் என்ஜின் காய்ந்து இறுகிவிடும். அவன் அம்மா கொண்டுவந்த காலி இருமல் மருந்து பாட்டிலில்தான் ஆரோ ஆயில் வைத்திருப்பான். சிவப்பு மூடி, பக்கவாட்டில் அளவுக்கோடு. எங்கள் தெருவில் அதைத் தெரியாதவர் இல்லை.

நேராக பங்க்குக்குப் போயிருக்கலாம். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனேன். அந்தப் பத்து நிமிடமும் நான்தான் ஆரோ. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பையன் கையாட்டினான், காற்றில் சட்டை உப்பியது. பிறகு பங்க்கில் பெட்ரோல் போட்டு, ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து, பாட்டிலின் மூடியைத் திறந்தபோதுதான் இந்தச் சாவியைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. மூடியைத் திரும்ப மூடினேன். நாளைக்கு வண்டி நடுரோட்டில் நிற்கட்டும், வெயிலில் இவன் ஒருத்தனாகத் தள்ளட்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் எதுவும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாட்டிலை எங்கள் ஸ்கூட்டரின் முன்பெட்டியில், பழந்துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆரோ வாசலில் வந்து ஹாரன் அடித்தான். எனக்கு வயிற்றுவலி என்றேன். அவனோடு சேர்ந்து நானும் எதற்குத் தள்ள வேண்டும்? என் கணக்கில் விட்டுப்போனது ஒன்றுதான்: நான் ஒதுங்கிக்கொண்டதால் பின் சீட்டு காலியாயிற்று. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "சதுரங்கப்பட்டினத்துல ஒருத்தரப் பாக்கணும்டா. ஒன் வண்டில ஒருநாள் வரணும்னு சொல்லிகினே கீறேன், இன்னிக்கு வர்றேன்" என்றார். ஆரோவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் வாயைத் திறக்க இருந்த நான் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்பு ஆயில் ஊற்றாதது என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன்; உண்மையில் அந்த இடத்தில், வாசற்படியில், நைனா வண்டியில் கால் தூக்கிப் போட்டு உட்காருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதுதான்.

புகை அடங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரைச் சாய்த்தேன், உதைத்தேன், மறுபடியும் சாய்த்தேன். தெருவே பார்த்தது. எத்தனை உதைக்குப் பிறகு கிளம்பியதோ தெரியாது, தெருமுனையைத் தாண்டி முதல் முறையாக அதை ஓட்டியது அன்றுதான். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புளியமரத்தடியில் கூட்டம் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ரோட்டோர மணலில் போய் விழுந்திருந்தார்கள். ஆரோவுக்கு முழங்காலெல்லாம் சிராய்ப்பு. நைனாவின் இடது மணிக்கட்டு பார்க்கவே கூசும்படி திரும்பியிருந்தது. ஆரோ அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, அதுவரை "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், "நைனா, நைனா" என்று அழுதுகொண்டிருந்தான். அந்த நேரத்திலும், அதைக் கேட்டு எனக்கு எரிந்தது. எப்படிப்பட்ட பிறவி நான் என்று இன்றும் புரியவில்லை.

கையைக் கட்டத் துணி வேண்டியிருந்தது. "ஸ்கூட்டர் பெட்டியில கீது பாரு" என்றார் நைனா. நான் நகர்வதற்குள் ஆரோ எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தான். அவன் துணியை எடுத்தான், பெட்டியை மூடினான், வந்து கையைக் கட்டினான். பாட்டிலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அவனே சொன்னான்: "நாந்தான் ஆயில் ஊத்த மறந்துட்டேன்." அவன் அம்மா எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நைனாவின் கை கூடியது, ஆனால் பழைய பிடி வரவில்லை. ஸ்கூட்டருக்குக் கிளட்சும் கியரும் இடது கையில்தான். ஆகவே வண்டி எனக்கே வந்துவிட்டது; நான் ஆசைப்பட்டது கிடைத்தது. பிஸ்டன் மாற்றி ஆரோவின் வண்டி திரும்பி வந்ததும், ரிட்டயராகும் வரை நைனா அதன் பின் சீட்டில்தான் வேலைக்குப் போனார். "நான் கொண்டுபோய் விடுறேன் நைனா" என்று எத்தனையோ முறை சொன்னேன். "அவன் அந்தப் பக்கந்தானே போறான்" என்பார். என் வண்டியின் பின் சீட்டு காலியாகவே கிடந்தது.

இப்போது அந்தப் புகை எங்கேயும் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி போவதில்லை. பங்க்கில் ஆயில் கேட்டால் பையன்கள் விழிக்கிறார்கள். மாமல்லபுரத்தில் பையன்கள் இன்றும் வண்டியை வரிசையாக நிறுத்துகிறார்கள், ஆனால் தலைவாரக் கண்ணாடியைத் தேடுவதில்லை, செல்போனே போதும். நைனா போய் ஒரு வருஷமாகிறது. வருஷத் திதி முடிந்த மறுநாள் ஊரப்பாக்கத்தில் இருக்கும் ஆரோவின் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் பொத்தேரியில் படிக்கிறாள்; பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றில் சத்தமே இல்லாமல் வந்து இறங்கி, "வாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், என்ன தோன்றியதோ, "அன்னிக்கு ஆயில் ஊத்தாதது நாந்தான்டா" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமே" என்றான் ஆரோ.

"எப்போலேர்ந்து?"

"பெட்டியத் தொறந்தேனே, என் பாட்டிலு முழுசா இருந்துச்சு. திரும்பிப் பாத்தா நைனாவும் பாத்துகினு கீறாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஆட்டோவுல என் காதாண்ட சொன்னாரு. 'நீ மறந்துட்டேன்னு சொல்லிடு ஆரோ. விசயம் தெரிஞ்சிடுச்சுன்னா அவன் வூட்டுக்கே வரமாட்டான். எனக்கு இருக்கறது ஒரே புள்ள'ன்னாரு. அப்பறம் அதப்பத்தி ஒன்கிட்ட பேசவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

நான் அழுதிருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்து மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது அந்தப் பழைய வயிற்றெரிச்சல்தான். ஒரே பிள்ளை என்று நைனா சொல்லியிருக்கிறார். அதையும் இவனிடம்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாக அந்த வார்த்தையை இவன் வைத்திருந்தான், எனக்கு இன்றுதான் கிடைக்கிறது.

"வேற இன்னா சொன்னாரு என்னப் பத்தி?" என்று கேட்டேன். குரல் எனக்கே பிச்சை கேட்பது மாதிரி இருந்தது.

ஆரோ மகளின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "நெறைய கீது. ஏறு, டீக்கடைக்குப் போய்கினே சொல்றேன்" என்றான். ஏறினேன். பின் சீட்டில்தான். முதல் முறையாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.