அட்டவணையில் ஒரு பச்சைக் கட்டம்

அலுவலகத்தில் நான் செய்யும் வேலையை வீட்டில் விளக்கிச் சொல்லி இதுவரை ஜெயித்ததில்லை. தெற்காசிய நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. கூடிப் பேசி, இதைச் செய்வோம் என்று கையெழுத்துப் போடுகின்றன. எந்த நாடு சொன்னதைச் செய்தது, எது செய்யவில்லை என்று அந்தந்த நாட்டுச் சட்டங்களைப் படித்துச் சொல்வது, மைசூரில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வேலை. செய்திருந்தால் அட்டவணையில் பச்சைக் கட்டம், இல்லாவிட்டால் சிவப்பு. "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்பாள் என் மனைவி.

அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது உணவுப் பொருள் சோதனை. ஒரு நாட்டு ஆய்வகம் கொடுத்த சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும், எல்லையில் மறுபடி சோதிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அண்டை நாடு ஒன்று அதற்கென்று தனிச் சட்டமே போட்டிருந்தது. அதற்குப் பச்சை கொடுத்தவன் நான். எங்கள் அறிக்கையே அந்த ஒரு கட்டத்தை நம்பித்தான் நின்றது. அடுத்த வாரம் கூட்டமைப்பின் அதிகாரிகள் முன்னால், இணையவழிக் கூட்டத்தில் நான் அதைப் பெருமையாக வாசிக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரு கொள்ளேகால்காரப் பெண். பதவியில் எனக்கு ஒரு படி கீழே; புத்தியில் எத்தனை படி மேலே என்று அப்போது நான் யோசித்ததில்லை. அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டத்துக்கும் நிறம் போடுவதற்கு முன், அந்தச் சட்டம் யார் தலையில் விடிகிறதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்.

"சார், அந்தப் பச்சைய ஒருக்கா பாத்துரலாமுங்களா?" என்றார்.

"கெஜட் நம்பர் இருக்கு. கூட்டமைப்போட செக்ரட்டேரியட் பட்டியல்லயும் அமல்ல இருக்குன்னு போட்டிருக்கு. இன்னேனு பேக்கு?" என்றேன். இன்னும் என்ன வேண்டும் என்று அர்த்தம். எனக்குக் கோபம் கன்னடத்தில்தான் வரும்.

அவர் மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலேறி நஞ்சன்கூடு போய் வந்தார். அங்கே மசாலாப் பொடி செய்து அந்த நாட்டுக்கு அனுப்பும் சின்ன ஆலை ஒன்று இருந்தது.

"நம்ம சர்டிபிகேட்ட அங்க கண்ணெடுத்தும் பாக்கறதில்லீங்களாம் சார். ஒவ்வொரு லோடுக்கும் மறுக்கா டெஸ்டாம். அது முடியறதுக்குள்ள ஆர்டரு கேன்சலாயிருதுங்க. இப்படியே போனா யூனிட்ட மூடிருவாங்களாட்ட இருக்குதுங்க."

"ஒரு கம்பெனிக்காரர் பொலம்பறத வச்சு ரிப்போர்ட் எழுத முடியுமா?" நான் கத்தியது பக்கத்து அறைவரை கேட்டிருக்கும்.

அன்று மதியம் என் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். "கேன்டீனுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று கிளம்பிவிட்டார். முதல் தாள், அந்தச் சட்டத்தின் முதல் பக்கம். அரசு தனியாக அறிவிக்கும் தேதியிலிருந்து இது அமலுக்கு வரும் என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. அந்தத் தேதியை அறிவித்தார்களா என்று அதற்குப் பிறகு வந்த கெஜட்டுகளை எல்லாம் புரட்டியிருக்கிறார். எதிலும் இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

இரண்டாவது தாள், நான் மார்தட்டிக்கொண்ட செக்ரட்டேரியட் பட்டியல். அமலில் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாக அடிக்குறிப்பில் ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் அதை எழுதியவன் நான்தான். என்னைப் பார்த்து அவர்கள் எழுதியதை, அவர்களைப் பார்த்து நான் திரும்ப எழுதியிருக்கிறேன்.

முகம் சுண்டிப்போனது. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: தினமும் டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவருக்குக் கேன்டீனில் என்ன வேலை? நான் தனியாக இருந்து படிக்கட்டும் என்றே எழுந்து போயிருக்கிறார். தப்பைக் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இத்தனை பக்குவமாக எடுத்துக் கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கூட்டத்தன்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். பச்சை சிவப்பாகிவிட்டது, தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் இவர் என்று சொல்லி முடித்தேன். திரையில் அந்த நாட்டு அதிகாரி கொஞ்ச நேரம் தன் காகிதங்களைப் புரட்டினார். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"தேதி அறிவிக்காமல் விட்டது எங்கள் பிழைதான். ஆனால் உங்கள் பழைய கட்டுரையில் சட்டம் அமலில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிட்டோம்."

இத்தனை வருடமும் எல்லையில் நின்ற ஒவ்வொரு லோடிலும் என் பங்கும் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் எட்டி மைக்கை அணைத்தார்.

"மூடுன பைலு இப்பத் தொறந்துருச்சுங்களே சார். தேதி எப்பப் போடுவாங்கன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை மறுபடி போட்டார்.

கேட்டேன்.